அண்ணன் விழுங்கிய பிளேன் எண்ணெய்

என் அண்ணனுக்கு எஞ்சின் என்றால் பெரிது சிறிது என்ற பேதம் கிடையாது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவர் ஓட்டும் படகின் டீசல் எஞ்சினும், நான் பாலிடெக்னிக் மாணவர்களோடு பறக்கவிடும் மாதிரி விமானத்தின் எலுமிச்சம்பழ அளவு எஞ்சினும் அவருக்கு ஒன்றுதான். தலையைச் சாய்த்துக் காதை அருகே கொண்டுபோவார். "மூச்சு வாங்குது பாப்பா. காத்து ஜாஸ்தியா இழுக்குது" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போகாவிட்டால் எங்களோடு மணலில் வந்து நிற்பார். எஞ்சின் சூடேறும்வரை விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்ள அவரைவிட உறுதியான கை எனக்குக் கிடைத்ததில்லை.

அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தன் படிப்பை விட்டுவிட்டுப் படகில் ஏறினார். நான் சிதம்பரத்தில் கல்லூரி முடித்தேன். அங்கே மாணவர் படையின் விமானப் பிரிவில்தான் முதன்முதலாக ஒரு மாதிரி விமானத்தைக் கையில் வாங்கினேன். அந்த எஞ்சின் ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த கலவையில் ஓடியது. ஈதர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசினால் பாதி காற்றோடு போயிருக்கும். விடுதிக்குத் திரும்பும்போது தலை கிறுகிறுக்கும், துணியெல்லாம் நாறும். எனக்கு அது பிடித்திருந்தது. கடலூரில் வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு மாணவர்களுக்காக ஒரு சிறு குழு ஆரம்பித்தேன்.

இப்போது நாங்கள் வைத்திருந்த எஞ்சின் வேறு வகை. அதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரின் தலையில் ஒரு சின்னக் கம்பிச்சுருள் பழுத்துச் சிவந்திருக்கும். அதுதான் எரிபொருளைப் பற்றவைக்கும். எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். ஐந்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய். எவ்வளவு சூட்டிலும் உலோகத்தைவிட்டு விலகாது என்பதால் அது. மிச்சம் நைட்ரோமீத்தேன். அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தன்னோடே கொண்டுவருவதால் எஞ்சினுக்குத் தெம்பு கூடும், மெதுவாக ஓடும்போது அணைந்துபோகாது.

மெத்தனாலுக்குச் சில குணங்கள் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் கடற்கரைக் காற்றில் கேனை மூட மறந்தால் அடுத்த வாரம் எஞ்சின் இருமும். வெயிலில் அது எரிந்தால் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை தட்டில் சிந்தியது பற்றிக்கொண்டது எங்களுக்குத் தெரியவே இல்லை. மேலே காற்று நடுங்குவதைப் பார்த்து அண்ணன்தான் குடத்துத் தண்ணீரைக் கொட்டினார். "நெருப்பே இல்லாம நெருப்பு. இன்னா எண்ணெய் வெச்சிருக்க நீ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்கு அவர் வைத்த பெயர் பிளேன் எண்ணெய். கேனின் மேல் மண்டையோட்டுப் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, இது சாராயம் மாதிரி இருக்கும், சாராயம் இல்லை, உள்ளே போனால் கண் போகும், உயிர் போகும் என்பதுதான்.

அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் குடித்தவர். நன்றாகக் குடித்தவர். படகை விற்கும் நிலைவரை போய், அண்ணி மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுத்தான் அடுப்பெரிந்தது. ஒருநாள் அண்ணி அவரைத் திருவந்திபுரம் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே அண்ணன் மொட்டை போட்டு, அண்ணியின் தலையில் கை வைத்து, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதன் பிறகு அவர் தொடவில்லை. எங்கள் தெருவில் அதை நம்பாமல் பந்தயம் கட்டியவர்கள்கூட நாளாக ஆக நம்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கேனிலிருந்து சிறு பாட்டிலுக்கு எண்ணெய் இறக்கும் கைப்பம்பின் ரப்பர் கிழிந்துபோயிருந்தது. நான் ஒரு மாணவியைப் புனல் எடுத்துவர அனுப்பிவிட்டு, எஞ்சினின் மேல் குனிந்து கம்பிச்சுருளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. படகில் டீசல் இறக்கும் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துவந்து, ஒரு முனையைக் கேனுக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழு இழுத்தார். டீசலுக்குப் பழகிய இழுப்பு அது. டீசல் மெதுவாக ஏறிவரும், வாய்க்குப் பக்கத்தில் வருவது தெரியும், விரலால் அடைத்துவிடலாம். இது அப்படி வரவில்லை.

பெரிய இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அண்ணன் முட்டிபோட்டு இருமிக்கொண்டிருந்தார். உதடெல்லாம் விளக்கெண்ணெய் பளபளத்தது.

"இன்னா பாப்பா, தண்ணி மாதிரி ஓடியாருது!" என்று சிரித்தார்.

"உள்ள போச்சாண்ணே? துப்பினியா, முழுங்கினியா?"

"ரெண்டு மடக்கு போயிருக்கும். விளக்கெண்ணெய்தான், நாளைக்கு வயிறு சுத்தமாயிடும்."

ஆட்டோவைக் கூப்பிடு என்று மாணவர்களிடம் கத்தினேன். அண்ணன் எழுந்து வாயைக் கொப்பளித்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு, "டீசல் எத்தினி வாட்டி உள்ள போயிருக்கு. செத்தா போயிட்டேன்?" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கொஞ்ச காலத்துக்கு முன்புதான் பக்கத்து மாவட்டத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து ஊர் ஊராக ஆட்கள் செத்திருந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் திரும்பவில்லை. குடித்த நேரத்தில் அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மெத்தனால் உடனே ஒன்றும் செய்யாது. கல்லீரல் அதை உடைத்து அமிலமாக்கும்போதுதான் விஷம் பிறக்கிறது. அதற்கு அரைநாளும் ஆகலாம், ஒருநாளும் ஆகலாம். அதுவரை ஆள் நடமாடுவான், சாப்பிடுவான், சிரிப்பான். என் முன்னால் அண்ணன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வீட்டு வாசலில் உட்கார்ந்து, அறுந்துபோன வலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ண்ணே, உன் கால்ல விழறேன். ஆஸ்பத்திரிக்கு வா."

"போயி இன்னான்னு சொல்றது? நான் வாசல்ல கால வெச்சா சாராயக் கேசுன்னு எழுதுவான். நாளைக்கு ஊரே சொல்லும், அவன் மறுபடி ஆரம்பிச்சுட்டான்னு. ஒண்ணும் ஆவல எனக்கு. நீ போயி பிளேன விடு."

நான் எவ்வளவு சொன்னாலும் அந்த முகம் அசையவில்லை. நான் அழுதேன், திட்டினேன். அவர் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய ரத்தத்துக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் படம் வரைந்து காட்டத் தெரியும். அவரை அந்த இடத்தைவிட்டு எழுப்பத் தெரியவில்லை.

அண்ணி காலை ஏலத்தில் எடுத்த மீனைச் சந்தையில் விற்றுவிட்டுத் திரும்பி வந்தார். நான் ஓடிப்போய்த் தெருவிலேயே நிறுத்திச் சொன்னேன்.

"வாயில பட்டதுக்கா ஆஸ்பத்திரி?" என்றார் அண்ணி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "அது இன்னா, சாராயமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சாராயம் மாதிரியே இருக்கும் அண்ணி. ஆனா விஷம். அங்க அத்தன பேர் செத்தாங்களே, அவுங்க குடிச்சதுல இருந்தது இதுதான்."

அண்ணி கூடையைத் தெருவிலேயே இறக்கி வைத்தார். வீட்டு வாசலுக்குப் போய், அண்ணனின் மடியிலிருந்த வலையை இழுத்து எறிந்தார்.

"எழுந்திருய்யா."

"ஒனக்கும் சொல்லிட்டாளா? ஒண்ணும் இல்லடி."

"எழுந்திரு. ஊர் பேசுறத நான் பாத்துக்கறேன். கண்ணு போச்சுன்னா ஒன்ன யாரு கடலுக்குக் கூட்டிட்டுப் போவா? நான் கூட்டிட்டுப் போவனா?"

அண்ணன் எழுந்தார்.

கடலூரில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் கேட்டது, "எங்க வாங்கிக் குடிச்சாரு?" என்றுதான். அப்போது அங்கே யார் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் விமானத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் இளைஞர். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, சிதம்பரத்துக்கு போன் செய்தார். திரும்பி வந்து எங்கள் இருவரையும் தனியாக அழைத்தார்.

"ரத்தத்தச் சுத்தம் பண்ணணும். அதுக்குச் சிதம்பரம் போயாகணும், வண்டி சொல்லியிருக்கேன். ஆனா அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. இதுக்கு முறிவு மருந்து ஒண்ணு இருக்கு, சென்னையிலிருந்து வரணும். இப்ப கைவசம் இருக்கிற முறிவு ஒண்ணுதான்." கொஞ்சம் தயங்கினார். "நல்ல சாராயம்."

அண்ணிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கல்லீரலுக்கு இரண்டையும் கொடுத்தால் அது நல்ல சாராயத்தைத்தான் முதலில் எடுத்து உடைக்கும். அது வேலையாக இருக்கும்வரை மெத்தனால் தொடப்படாமல் ரத்தத்தில் சுற்றும்; சிறுநீரிலும் மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், மிச்சத்தை இயந்திரம் எடுத்துவிடும். இதை நான் அண்ணிக்குச் சொன்னபோது அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வேற மருந்தே இல்லையா டாக்டர்? ஊசிக்குத் தடவுறீங்களே, அந்த ஸ்பிரிட்டு?"

"அதுல வேற விஷம் கலந்திருக்கும்மா. கடையில வாங்கின சீல் பாட்டில்தான் வேணும். சீல் உடையாம இருக்கணும், அது முக்கியம்."

நான்தான் போனேன். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. கடைக்கு எதிரே வேப்பமர நிழலில் பத்துப் பதினைந்து ஆண்கள் குந்தியிருந்தார்கள். சுடிதாரும் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையுமாக ஒருத்தி ஓடிவந்து ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. பெட்டி நகர்த்தும் சத்தம் கேட்டது.

"பன்னெண்டு மணிக்குத்தாம்மா" என்று உள்ளேயிருந்து குரல்.

"மருந்துக்குங்க. ஆஸ்பத்திரியில கேக்கறாங்க. எங்கண்ணன் மெத்தனால முழுங்கிட்டாரு."

மெத்தனால் என்ற சொல்லைக் கேட்டதும் மரத்தடியில் பேச்சு நின்றது. அந்தச் சொல் அப்போது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் எழுந்து வந்து, இடுப்பு மடிப்பிலிருந்து பாதி இருந்த குவார்ட்டர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டு ஓடும்மா" என்றார். அவருடைய அன்றைய காலையே அதற்குள்தான் இருந்திருக்கும். நான் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். மூடி திறந்த பாட்டில். அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. "சீல் வேணுங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவருக்கு அது புரிந்தது. பாட்டிலை மறுபடி மடிப்பில் செருகிக்கொண்டு, ஷட்டரைக் காலால் உதைத்தார். "யோவ், பொம்பள அழுவுது, தொறய்யா. உயிரு போற கேசு." மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஷட்டர் ஒரு முழம் உயர்ந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கை பிராந்தி பாட்டிலை வெளியே தள்ளியது. "சட்டப்படி தப்பும்மா இது. சீக்கிரம் போ" என்றது குரல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அளந்து, தண்ணீர் கலந்து, ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். அண்ணன் வாசனையிலேயே தெரிந்துகொண்டார். எழுந்து உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் விளக்கினார், நான் விளக்கினேன். தலையை ஆட்டினார்.

"சத்தியம் பண்ணியிருக்கேன் சார். வேணாம்."

"இது மருந்து."

"எனக்கு இது மருந்து இல்ல சார். ஒங்களுக்குத் தெரியாது."

மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊற்றலாம் என்றார் டாக்டர். அண்ணி கையை நீட்டி டம்ளரை வாங்கினார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என் தலையிலதான அடிச்சு சத்தியம் பண்ண? அந்தத் தலைதான் இப்ப சொல்லுது. குடி."

அண்ணன் அழுதார். எங்கள் அப்பா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே குடித்தார். முதல் டம்ளரைப் பிடித்தபோது கை நடுங்கியது. அடுத்ததை வாங்கும்போது நடுங்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், அண்ணியும் கவனித்துவிட்டார். அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

சிதம்பரம் போகும் வழியெல்லாம் ஆம்புலன்ஸில் குடிகாரன் ஒருவனோடுதான் போனோம். டாக்டர் சொன்ன கணக்குப்படி கூட வந்த நர்ஸ் கொடுத்துக்கொண்டே வந்தார். அளவு குறைந்தால் பயனில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். புதுச்சத்திரத்தில் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்தக் குரலை நாங்கள் புதைத்துவிட்டதாக நினைத்திருந்தோம். பி.முட்லூர் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"ஒன்னப் படிக்க வெச்சேன் பாரு. எனக்கே வெஷம் வாங்கியாந்து வெச்சிருக்க."

அண்ணி அவர் வாயைக் கையால் பொத்தினார். "போதையில சொல்றாரு, காதுல வாங்காத" என்றார் என்னிடம். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அண்ணன் தூங்கிவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. தூக்கமா, போதையா, மயக்கமா என்று தெரியாமல் அவர் இமையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனேன்.

சிதம்பரத்தில் இயந்திரம் தயாராக இருந்தது. அதில் போடுவதற்கு முன்னால் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்தபோது, அங்கிருந்த பெண் டாக்டரின் முகம் மாறியது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இருக்க வேண்டிய அளவைப்போலப் பத்து மடங்குக்கும் மேலே இருந்தது.

"சிறுநீரகம் ரெண்டும் நின்னுபோச்சுன்னு காட்டுது. இவ்வளவு ஜாஸ்தியா, இவ்வளவு சீக்கிரமா நான் பாத்ததில்ல. திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வராட்டி, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ இந்த மெஷின்ல வெக்கணும். காலம் பூரா."

அண்ணி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்னுதுல ஒண்ண எடுத்துக்குங்க. இப்பவே எடுத்துக்குங்க" என்றார். மீன் விலை பேசும் அதே குரல். டாக்டர் அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

கண்ணைப் பற்றி மட்டும்தான் நான் அதுவரை பயந்திருந்தேன். சிறுநீரகம் என் கணக்கிலேயே இல்லை. அண்ணனை உள்ளே இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். வராந்தாவின் சிமென்ட் பெஞ்சில் அண்ணி ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம். ஒரு போலீஸ்காரர் வந்தார். மெத்தனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மாதிரி விமானக் கடையில் வாங்கிய எரிபொருள் என்று சொல்லி, போனிலிருந்த ரசீதையும் கேனின் படத்தையும் காட்டினேன். "விளையாட்டு பிளேனுக்கா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் "விளையாட்டு" என்ற சொல்லில் அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சாமி கும்பிடக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை. அண்ணன் வாழ்நாளெல்லாம் ஓர் இயந்திரத்தில் கட்டுண்டு கிடக்கப்போகிறார், கடலுக்கே போகமாட்டார் என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

விளக்கு போடும் நேரத்தில் அந்தப் பெண் டாக்டர் தானாகவே வெளியே வந்தார். கையில் அறிக்கை இருந்தது.

"எனக்கு ஒண்ணு இடிக்குது. சிறுநீரகம் நின்னுபோனா யூரியாவும் ஏறணும், பொட்டாசியமும் ஏறணும். முதல்ல எடுத்த ரத்தத்துலயே ரெண்டும் சரியா இருக்கு. பையில சிறுநீரும் நல்லா இறங்குது. அந்த எண்ணெயில மெத்தனால் தவிர வேற என்ன இருந்துச்சு?"

"விளக்கெண்ணெய். அப்புறம் நைட்ரோமீத்தேன்."

"நைட்ரோமீத்தேனா? எவ்வளவு?"

"பத்துல ஒரு பங்கு."

அவர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது நடையில் வேகம் இருந்தது. ரத்தத்தில் கிரியாட்டினினை அளக்க ஒரு ரசாயனத்தைச் சேர்த்து, எவ்வளவு நிறம் ஏறுகிறது என்று இயந்திரம் பார்க்கிறது. நைட்ரோமீத்தேனும் அதே நிறத்தைத் தருமாம். எங்கோ ஒரு நாட்டில் இதே எரிபொருளைக் குடித்த ஒருவருக்கும் இப்படியே காட்டியிருக்கிறது என்று படித்துவிட்டு வந்திருந்தார். "நிச்சயம்னு சொல்லமாட்டேன். வேற முறையில அளக்கிற லேபு பாண்டிச்சேரியில இருக்கு. முதல்ல எடுத்த ரத்தத்தயே அனுப்பியிருக்கேன். நாளைக்குத் தெரியும்."

அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அளந்த அளவு தப்பா இருக்கலாம்னு சொல்றாங்க அண்ணி" என்றேன்.

"இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"நாளைக்குன்னா எப்ப நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் முடிவு வந்தது. அண்ணனின் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் எஞ்சினுக்குத் தெம்பு கொடுத்த அந்த நைட்ரோமீத்தேன்தான் ஒருநாள் முழுக்க எங்களைச் சுடுகாட்டு வாசலில் உட்கார வைத்திருந்தது. அண்ணி கேட்டதும் வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தமுறை நடுவில் இடம் இல்லை.

ஆனால் அன்று சாயங்காலமே அண்ணன், "லைட்டைச் சுத்திப் பனி மாதிரி இருக்குது பாப்பா" என்றார். மருந்தைவிட விஷம் கொஞ்சம் முந்திக்கொண்டிருந்தது. கண் டாக்டர் வந்து பார்த்து, நரம்பு லேசாக வீங்கியிருக்கிறது என்றார். மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. தினமும் காலையில் நான் போய் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பேன். முதலில் எரிச்சல்படுவார், பிறகு எண்ணிச் சொல்வார். பனி மெல்ல விலகியது. முழுதாக இல்லை. இன்றைக்கும் அவருடைய இடது கண்ணுக்குச் சிவப்பு வெளுத்துத்தான் தெரிகிறது. வலை போட்ட இடத்தில் மிதக்கும் சிவப்புக் கொடியைத் தேட, முகத்தைத் திருப்பி வலது கண்ணால் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்குச் சொல்லக் கடினமானது. ஆஸ்பத்திரியில் மருந்தென்று கொடுத்தது நின்றதும் அவருக்கு உடம்பெல்லாம் பதறியது. சில வாரங்கள் தாங்கினார். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் படகு மணலில் கிடந்த ஒருநாள், சாராய வாடையோடு வந்து நின்றார். அதன் பிறகு தினமும். அண்ணி மறுபடி தெருத்தெருவாகக் கூடையைத் தூக்கினார். ஒருநாள் என் வீட்டு வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை.

"உயிரக் குடுத்துட்டு ஆள எடுத்துக்கிச்சு, அந்த மருந்து."

"அண்ணி, அன்னிக்கு அதக் குடுக்கலன்னா..."

"தெரியும். செத்திருப்பாரு. அதான் யாரத் திட்டுறதுன்னு தெரியாம ஒங்கிட்ட வந்திருக்கேன்."

திட்டாமலே போய்விட்டார்.

பாலிடெக்னிக்கில் அந்த எரிபொருளை அடியோடு நிறுத்திவிட்டோம். இப்போது பேட்டரியில் ஓடும் மோட்டார்கள்தான். பிள்ளைகளுக்கு அது சுலபம். எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் கை வெறுமையாக இருப்பது உண்மைதான், ஆனால் அந்த வாசனை வந்தால் இப்போது எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அண்ணனை நானும் அண்ணியும் சேர்ந்து பாண்டிச்சேரியில் குடி மறக்க வைக்கும் இடம் ஒன்றில் சேர்த்தோம். திரும்பி வந்து ஆறு மாதம் நன்றாக இருந்தார். ஊர்த் திருவிழாவில் சறுக்கினார். மறுபடி போனார். இந்தமுறை தானாகவே போனார், நாங்கள் சொல்லவில்லை. இப்போது குடிப்பதில்லை. எவ்வளவு காலமாக என்று நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோயிலுக்கும் போகவில்லை, சத்தியமும் வாங்கவில்லை. சத்தியத்தை அண்ணி நம்புவதை விட்டுவிட்டார்.

விடியற்காலையில் படகு கரைக்கு வரும்போது அண்ணி தண்ணீர் ஓரத்தில் கூடையோடு நிற்பார். அண்ணன் இறங்கி நனைந்த காலோடு நேராக அவரிடம் வந்து, மீனை இறக்குவதற்கு முன்னால், எல்லோரும் பார்க்கக் குனிந்து முகத்தைக் கொடுப்பார். அண்ணி முகர்ந்து பார்ப்பார். பிறகு, "போ, வலைய இறக்கு" என்பார்.